பழைய பேப்பரில் செய்த லிட்டர் பூனைக்கு உண்மையிலேயே நல்லதா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் மூன்றாவது மாடி ஃபிளாட். வீட்டைவிட்டு வெளியே போகாத ஒரு பெர்ஷியன் பெண் பூனை, அதோடு தெருவிலிருந்து எடுத்து வந்த ஒரு மாதக் குட்டி ஒன்று. பெரியதற்கு அடுத்த வாரம் கருத்தடை அறுவை. லிட்டர் என்பது பூனை மலசலம் கழிக்க ட்ரேயில் நிரப்பி வைக்கும் பொருள். இதுவரை பயன்படுத்தியது ஈரம் பட்டால் கட்டியாகிற களிமண் லிட்டர். வீட்டுக்காரருக்கு வீஸிங் உண்டு, ட்ரேயில் லிட்டரைக் கொட்டும்போதெல்லாம் இருமுகிறார். மறுசுழற்சிப் பேப்பர் லிட்டருக்கு மாறினால் பலன் இருக்குமா, இல்லை பையில் பச்சை இலை படம் போட்டு விற்கிற விளம்பரம்தானா? வாசனை தாங்குமா? வீட்டில் சேருகிற நியூஸ்பேப்பரிலேயே செய்துகொள்ள முடியாதா?

மாறுங்கள். உங்கள் வீட்டு நிலைமையில் யோசிக்கவே வேண்டாம். அறுவைக்குப் போகும் பூனை, எதையும் வாயில் வைக்கும் குட்டி, தட்டை முகமும் நீள முடியும் உள்ள இனம், வீஸிங் உள்ள மனிதர் என்று பேப்பர் லிட்டர் யாருக்கெல்லாம் அதிகம் உதவுமோ அவர்கள் எல்லோருமே உங்கள் வீட்டில் இருக்கிறார்கள். ஆனால் வாசனை விஷயத்தில் அது களிமண்ணுக்கு ஈடாகாது. அந்தக் குறையை உங்கள் கைவேலைதான் ஈடுகட்ட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதையும் விவரமாகச் சொல்கிறேன். அறுவை முடிந்த பூனைகளையும் தாயில்லாக் குட்டிகளையும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவள் நான். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதும் படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்ந்ததுதான் இந்தப் பதில்.

முதலில் களிமண் ஏன் இவ்வளவு பரவியது என்று பார்த்தால், அதன் பலமும் பலவீனமும் சேர்ந்தே புரியும். 1947 வரை அமெரிக்காவிலும் பூனைக்கு மணல், சாம்பல், மரத்தூள்தான். அந்த வருடம் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவரிடம் பக்கத்து வீட்டுப் பெண்மணி கொஞ்சம் மணல் கேட்டு வந்தார். அவர் பயன்படுத்திய சாம்பலைப் பூனை வீடு முழுக்க மிதித்துக்கொண்டிருந்தது. லோவின் குடும்பம் தொழிற்சாலைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சுவதற்கான களிமண் குருணையை விற்றுவந்தது. அதில் கொஞ்சம் கொடுத்துப் பார்த்தார். அந்தப் பெண்மணி திரும்பத் திரும்ப வந்து கேட்கவே, பையில் போட்டு விற்கத் தொடங்கினார். லிட்டர் என்ற தொழிலே அங்கேதான் பிறந்தது. 1980களில் பென்டோனைட் களிமண் வந்தது. ஈரம் பட்டதும் உப்பி, அந்த இடம் மட்டும் உருண்டையாகக் கெட்டிப்படும் வகை. உருண்டையை அள்ளிப் போட்டால் சிறுநீரும் சேர்ந்து போய்விடும். அந்த வசதிக்கு இன்றும் நேர் போட்டி கிடையாது. நம் நாட்டிலும் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் ராஜஸ்தானிலும் பென்டோனைட் நிறையத் தோண்டி எடுக்கிறார்கள், கடையில் வாங்கும் பை அங்கிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

பலவீனம் தூசியில் இருக்கிறது. பூமியிலிருந்து எடுக்கும் களிமண்ணில் குவார்ட்ஸ் கலந்திருக்கும். அது படிக சிலிக்கா. மூச்சோடு நுரையீரலின் ஆழம்வரை போகும் அளவுக்குப் பொடியான படிக சிலிக்காவை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. இதைக் கேட்டு உடனே பயந்துவிடாதீர்கள். அந்த முடிவு கல் குவாரியிலும் வார்ப்பாலையிலும் வருடக்கணக்கில் அந்தத் தூசியையே சுவாசிக்கும் தொழிலாளர்களை வைத்து எடுத்தது. வாரம் ஒருமுறை ட்ரே நிரப்புகிறவரை அதே நிலையில் வைத்துப் பேசுவது சரியில்லை. ஆனால் புற்றுநோய் வரை போகாமலேயே தூசிக்குத் தொல்லை செய்யத் தெரியும். ஏற்கெனவே வீஸிங் உள்ளவரின் மூச்சுக்குழாய் எந்த நுண்தூசிக்கும் இறுகிக்கொள்ளும். உங்கள் வீட்டுக்காரர் இருமுவது அதனால்தான்.

இதைவிட எனக்குக் கவலை பூனையைப் பற்றி. நாம் ட்ரேக்கு மேலே, நின்றுகொண்டு மூச்சு விடுகிறோம். பூனை அதற்குள்ளேயே இறங்கி, மூக்கை வைத்து முகர்ந்து, காலால் தோண்டி, புழுதி கிளப்பி, முடிந்தபின் மறுபடியும் மூடுகிறது. ஒரு நாளில் பலமுறை. பூனைகளுக்கும் ஆஸ்துமா வரும். கழுத்தை நீட்டித் தரையோடு பதுங்கிக்கொண்டு இருமும், பார்க்கிறவர்கள் முடியுருண்டையைக் கக்கப் பார்க்கிறது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். ஆஸ்துமா உள்ள பூனைக்குத் தூசியில்லாத லிட்டர் போடச் சொல்வது மருத்துவர்கள் முதலில் தரும் அறிவுரைகளில் ஒன்று. பெர்ஷியனுக்கு மூக்குத் துவாரமே குறுகல், முகம் தட்டை, கண்ணில் எப்போதும் நீர் வடியும். களிமண் தூசி அந்த ஈரத்தில் ஒட்டிக் கண்ணோரத்தில் அப்பிக்கொள்ளும்.

பேப்பர் லிட்டரில் இந்தச் சிலிக்கா கிடையாது. பழைய பேப்பரை அரைத்து, ஈரப்படுத்தி, துளைத்தட்டு வழியாக அழுத்தி, உலர்த்தி, சிறு குச்சித் துண்டுகளாக வெட்டுகிறார்கள். பெல்லட் என்று சொல்வார்கள். அழுத்திச் செய்ததால் தூசி மிகக் குறைவு. ‘தூசியே இல்லை’ என்று பையில் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், பையின் அடியில் கொஞ்சம் பொடி தங்கத்தான் செய்யும். கடைசிக் கைப்பிடியை ட்ரேயில் கொட்டாமல் விட்டுவிடுங்கள். அதே பேப்பரைத் தூளாகவோ பஞ்சு மாதிரியோ விற்கிற வகையும் உண்டு. அது பெல்லட் அளவுக்குச் சுத்தம் இல்லை. உங்கள் வீட்டுக்கு பெல்லட்தான்.

உறிஞ்சும் திறனைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். பேப்பர் என்பது செல்லுலோஸ் நார். அந்த நாரின் வேதியமைப்பே தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் தன்மை உள்ளது, நாருக்குள்ளும் நார்களுக்கு இடையிலும் வெற்றிடம் உண்டு. 4 கிலோ எடையுள்ள பூனை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 100 மில்லி சிறுநீர் கழிக்கும். அதை ட்ரேயின் அடிக்குப் போகவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு மூலையில் இருக்கும் பெல்லட்டே போதும். மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்தாற்போல் ஆகிவிடும், பாதத்தில் ஈரம் ஒட்டாது.

இப்போது அறுவைக்கு வருவோம். பெண் பூனைக்குக் கருத்தடை என்றால் பெரும்பாலும் வயிற்றின் அடியில் வெட்டித் தைப்பார்கள், சில மருத்துவர்கள் விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் வெட்டுவார்கள். எப்படியானாலும் பூனை ட்ரேயில் குந்தும்போது தையல் லிட்டருக்கு மிக அருகில் வரும். களிமண் குருணையும் அதன் பொடியும் காயத்தில் கசியும் சிறு ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். பென்டோனைட்டின் குணமே ஈரத்தைக் கண்டால் உப்பி இறுகுவதுதான், அதே குணத்தைக் காயத்தின் மேலும் காட்டும். பூனை அதைச் சுத்தம் செய்ய நக்கும், நக்கினால் தையல் விடும். அதனால்தான் அறுவைக்குப் பிறகு 10 முதல் 14 நாள், தையல் ஆறும்வரை, பேப்பர் போடுங்கள் என்கிறார்கள். நான் கேட்ட வரையில் பேப்பர் லிட்டரின் பலன்களில் மருத்துவர்கள் எல்லோரும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்வது இது ஒன்றைத்தான்.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். அறுவை முடிந்து வந்த அன்றைக்கே லிட்டரை மாற்றினால் பூனைக்கு ஏற்கெனவே இருக்கும் வலியும் மயக்க மருந்தின் தள்ளாட்டமும் போதாதென்று இதுவும் புதிதாகச் சேரும். சில பூனைகள் போகாமல் அடக்கிக்கொள்ளும். இன்றைக்கே ஒரு இரண்டாவது ட்ரேயில் பேப்பர் போட்டுப் பழைய ட்ரேக்குப் பக்கத்தில் வையுங்கள். அறுவைக்கு முன் அதன் வாசனையும் காலுக்குப் படும் விதமும் பழகிவிட்டால், அப்புறம் களிமண் ட்ரேயை எடுத்துவிடுவது எளிது.

குட்டிக்கு வருகிறேன். ஒரு மாதக் குட்டி இப்போதுதான் ட்ரே என்றால் என்ன என்று கற்றுக்கொள்ளும், கூடவே உலகத்தில் உள்ளதையெல்லாம் ருசி பார்க்கும். லிட்டரையும் தின்று பார்க்கும். வயிற்றுக்குள் போய் உப்பி இறுகும் களிமண்ணை அந்தச் சிறு குடலுக்குள் அனுப்பும் அபாயத்தை எடுக்கவே கூடாது. வளர்ந்த பூனையே களிமண் லிட்டரைத் தின்று, ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து, ரத்தசோகையோடு வந்த ஒரு நிகழ்வு 1996இல் கால்நடை நச்சியல் இதழில் பதிவாகியிருக்கிறது. பேப்பர் துணுக்கு உள்ளே போனால் ஊறி, பெரும்பாலும் மலத்தோடு வெளியே வந்துவிடும். அதற்காகக் கிண்ணத்தில் வைத்ததுபோல் தின்னவிட வேண்டாம். குட்டி நிறையத் தின்கிறது என்றால் பெல்லட்டை எடுத்துவிட்டு அச்சிடாத பேப்பரைப் பட்டையாகக் கிழித்துப் போடுங்கள், ரத்தசோகை இருக்கிறதா என்று மருத்துவரிடமும் காட்டுங்கள். சாப்பாடல்லாததைத் தின்பது சிலசமயம் அதன் அறிகுறி. தெருவிலிருந்து வந்த குட்டிகளுக்குத் தெள்ளுப்பூச்சியாலும் வயிற்றுப்புழுவாலும் ரத்தம் குறைவது சாதாரணமாகவே உண்டு.

பெர்ஷியனின் நீள முடி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தினமும் அனுபவித்துக்கொண்டுதான் இருப்பீர்கள். பாதத்து விரல்களுக்கு நடுவே வளர்ந்த முடியில் களிமண் மாட்டிக்கொண்டு, ஈரத்தில் இறுகிக் கல்லாகும், பின்தொடை முடியிலும் அப்படியே. பெல்லட் பெரிது, வழவழப்பானது, மாட்டாது. ட்ரேயிலிருந்து வெளியே குதித்தாலும் ஒன்றிரண்டு உருண்டு வரும், கையால் எடுத்துப் போட்டுவிடலாம். மெத்தை விரிப்பில் நறநறக்கும் மண் நின்றுபோகும். பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுபவர்களுக்கு இன்னொரு நிம்மதி, அதே ட்ரேயை நிரப்பப் பேப்பர் களிமண்ணைவிட எடை குறைவாகவே தேவைப்படும்.

சரி, வாசனை. பேப்பர் லிட்டர் வாங்கி ஒரே வாரத்தில் கைவிட்டவர்கள் எல்லோரும் சொல்லும் காரணம் இதுதான், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பூனையின் சிறுநீர் மிகவும் செறிவானது. வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வழிவந்ததால் தண்ணீரைச் சேமித்து யூரியா என்ற கழிவுப்பொருளை அதிகமாக வெளியேற்றும் சிறுநீரகம் அதற்கு. வெளியே வந்த யூரியாவைப் பாக்டீரியாக்கள் உடைத்து அம்மோனியாவாக ஆக்குகின்றன. மூக்கில் ஏறுகிற நெடி அந்த அம்மோனியாதான். களிமண் விஷயத்தில் உருண்டையை தினமும் அள்ளிவிடுவதால் அம்மோனியாவாக மாற யூரியாவுக்கு நேரம் கிடைப்பதில்லை. பேப்பர் பெல்லட் கட்டியாகாது. நீங்கள் மலத்தை மட்டும் அள்ளிவிட்டு ட்ரே சுத்தமாகிவிட்டது என்று நினைத்தால், சிறுநீர் முழுவதும் அங்கேயே நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

அம்மோனியா மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் வாயு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தூசியைத் தவிர்க்கப் பேப்பருக்கு மாறி, நான்கு நாள் ஈரத்தை எடுக்காமல் விட்டால் வீஸிங் உள்ளவருக்கு ஒரு தொல்லை போய் இன்னொன்று வந்ததாகிவிடும். பேப்பரின் பலன் முழுதாகக் கிடைக்க வேண்டுமானால் ஈரமான பெல்லட்டை தினமும் எடுத்தாக வேண்டும். இது சிரமமான வேலையும் அல்ல. பெரும்பாலான பூனைகள் ஒரே மூலைக்குத்தான் போகும். நனைந்த பெல்லட் நிறம் கறுத்து, உப்பி, மெத்தென்று ஆகியிருக்கும், பார்த்த உடனே தெரியும். அள்ளுகிற ஓட்டைக் கரண்டியில் பெல்லட் நழுவாது, ஆனால் ஈரத்துணுக்கு வழியும். ஓட்டையில்லாத பழைய கரண்டியோ சின்ன பிளாஸ்டிக் முறமோ இதற்கு வசதி. அந்த மூலையை மட்டும் அள்ளிவிட்டு, ஒரு கைப்பிடி புது பெல்லட் போட்டு நிரவிவிடுங்கள். ட்ரேயில் மொத்தம் 4, 5 செ.மீ. ஆழம் இருந்தால் போதும், அதிகம் கொட்டினால் அடியில் போன ஈரம் கண்ணுக்குத் தெரியாது.

இப்படிச் செய்தால் ஒரு பூனைக்கு வாரம் ஒருமுறை முழுவதையும் மாற்றுவது போதும். ஐப்பசி, கார்த்திகையில் போதாது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் மாதங்களில் பேப்பர் அந்த ஈரத்தையும் குடித்துவிடும், சிறுநீருக்கு இடம் குறையும், காய்வதும் தாமதமாகும். அப்போது நான்கைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பிரித்த பையை அப்படியே பால்கனியில் வைக்காமல் இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். ட்ரேயையும் மூடியில்லாததாகவே வைத்துக்கொள்ளுங்கள். மூடிபோட்ட ட்ரே நெடியை நம்மிடமிருந்து மறைத்துப் பூனையின் முகத்துக்கே கொண்டுபோகிறது, அதுவும் தட்டைமூக்குப் பூனைக்கு வேண்டவே வேண்டாம். இரண்டு பூனைக்கு மூன்று ட்ரே என்பது பொதுவான கணக்கு. இடமில்லை என்றால் இரண்டுக்குக் குறையாமல் வையுங்கள்.

ஆப்ப சோடா தூவலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். அது புளிப்புத் தன்மையுள்ள சில நெடிகளைக் குறைக்கும், அம்மோனியாவை அது பிடிக்காது, ஏனென்றால் இரண்டுமே காரத்தன்மை உள்ளவை. பெரிய பூனையின் ட்ரேக்கு அடியில் ஒரு ஸ்பூன் போடுவதில் தவறில்லை. குட்டியின் ட்ரேயில் வேண்டாம், அது நக்கிவிட்டால் உடம்பின் உப்புச் சமநிலை கெடும்.

ட்ரேயைக் கழுவும்போது பினாயில், டெட்டால் பக்கமே போகாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஃபீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்ற நம் ஈரலில் இருக்கும் நொதி பூனையின் ஈரலில் சரியாக வேலை செய்யாது. ட்ரேயில் மிச்சமிருந்தது பாதத்தில் ஒட்டும், பாதத்தை நக்கும், கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கிற திரவம் என்றால் பூனை வீட்டுக்கு ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், அது சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு உண்டாகும், வீஸிங் உள்ள வீட்டில் அது பெரிய ஆபத்து. பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தால் அதுவே போதும்.

பூனை இதை ஏற்றுக்கொள்ளுமா என்பது அடுத்தது. எது வேண்டும் என்று பூனையையே தேர்ந்தெடுக்கவிட்ட சோதனைகளில் பெரும்பாலானவை மணல்போல் பொடியான, கட்டியாகும் களிமண்ணைத்தான் விரும்பின. அதன் முன்னோர் தோண்டியது மணலை, உருண்டைக் குச்சிகள் காலுக்கு அந்நியமாகத்தான் இருக்கும். ஆகவே பெரிய பூனைக்கு நேரம் கொடுங்கள். பக்கத்தில் வைத்த பேப்பர் ட்ரேயை அது சீண்டவே இல்லையென்றால் அதன்மேல் பழைய களிமண்ணை மெல்லிய படலமாகத் தூவி, இரண்டு நாளுக்கு ஒருமுறை தூவுவதைக் குறைத்து வாருங்கள். அறுவை நாள் நெருங்கிவிட்டால் பெல்லட்டைத் தண்ணீர் தெளித்து உதிர்த்து, காயவைத்துப் போட்டுப் பாருங்கள், பொடியாக இருந்தால் சில பூனைகள் ஏற்றுக்கொள்கின்றன. குட்டிக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. முதலில் எதில் பழகுகிறதோ அதுதான் அதற்கு ட்ரே.

பேப்பருக்கு இன்னொரு குறை உண்டு. களிமண் உருண்டையை எண்ணினால் பூனை இன்று எத்தனை முறை போனது, எவ்வளவு போனது என்று தெரிந்துவிடும். சர்க்கரை நோயோ சிறுநீரக நோயோ உள்ள வயதான பூனைக்கு அது மிகப் பெரிய தகவல். அந்த நிலை வந்தால் பேப்பரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றே சொல்வேன், தூசி குறைந்த வேறு கட்டியாகும் வகை, சோயா சக்கையில் செய்யும் டோஃபு லிட்டர் மாதிரி, பார்க்கலாம்.

வீட்டிலேயே செய்வது பற்றி. அடுத்த வார அறுவைக்காக மட்டும் என்றால் எதையும் செய்ய வேண்டாம், பேப்பரை விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்து ட்ரேயில் பரப்புங்கள், ஒவ்வொரு முறை போனதும் முழுவதையும் எடுத்துப் போட்டுப் புதிது பரப்புங்கள். இரண்டு வாரத்துக்கு இது தாராளமாக ஓடும். தொடர்ந்து பயன்படுத்த வேண்டும் என்றால் குருணையாக ஆக்க வேண்டும். கிழித்த பேப்பரைப் பக்கெட்டில் வெந்நீரும் சில துளி பாத்திர சோப்பும் சேர்த்துக் கூழாக ஊறவிடுங்கள். பழைய வேட்டித்துணியில் வடிகட்டி, சோப்பு போகும்வரை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, முடிந்தமட்டும் பிழியுங்கள். பிறகு புட்டுக்கு மாவு உதிர்ப்பதுபோல் விரலால் உதிர்த்து, மொட்டை மாடியில் துணி விரித்துப் பரப்புங்கள். சித்திரை வெயிலில் ஒன்றிரண்டு நாளில் சுக்காகக் காய்ந்துவிடும். மழை மாதத்தில் முயற்சி செய்யாதீர்கள், உள்ளே ஈரம் நின்று பூஞ்சை கட்டும், பூஞ்சைத் தூள் களிமண் தூசியைவிட மூச்சுக்குக் கெடுதல்.

எந்தப் பேப்பர் என்பதில் கவனம் வேண்டும். நியூஸ்பேப்பரில் உணவு பொட்டலம் கட்ட வேண்டாம் என்று 2016இலேயே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது, காரணம் அச்சு மையில் உள்ள ரசாயனங்கள். பூனை அந்தப் பேப்பரைச் சாப்பிடுவதில்லைதான், ஆனால் ஈரப் பேப்பரில் மிதித்த பாதத்தை நக்குகிறது. அமெரிக்காவில் 1980களின் கடைசியிலிருந்து பல நாளிதழ்கள் சோயா எண்ணெய் மைக்கு மாறின, இங்கே எல்லா அச்சகமும் அப்படி இல்லை. ஊறவைத்து அலசுவதில் மையின் ஒரு பகுதி போய்விடும், கறுப்பாக வடியும் தண்ணீரைப் பார்த்தாலே தெரியும். பட்டையாகக் கிழித்துப் போடும்போது அது போகாது. அதனால் குட்டிக்கும் தையல் போட்ட பூனைக்கும் பிள்ளைகளின் பழைய நோட்டுகள், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட ஏ4 தாள், அச்சில்லாத பழுப்புத்தாள் இவற்றைக் கிழித்துப் போடுவதுதான் நல்லது. ஸ்டேப்ளர் பின் ஒன்றுகூட இல்லாமல் எடுத்துவிடுங்கள். பளபளக்கும் விளம்பரத்தாள் ஈரத்தை உறிஞ்சாது, கடை பில்லின் வழவழத்தாளில் வேறு ரசாயனப் பூச்சு இருக்கும். இரண்டையும் சேர்க்காதீர்கள்.

‘இயற்கைக்கு நல்லது’ என்பது எவ்வளவு உண்மை? பாதிக்கு மேல் உண்மை. பென்டோனைட் எடுக்க நிலத்தின் மேல்பரப்பை உரித்துத் தோண்ட வேண்டும், பயன்படுத்தியபின் அது மக்காது, எரியாது, பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளில் மண்ணாகவே குவிந்து கிடக்கும். பேப்பர் மக்கும். ஆனால் ‘குப்பைக்குப் போகும் பேப்பரை மீட்டோம்’ என்று இங்கே சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் ஊரில் நியூஸ்பேப்பர் குப்பைக்குப் போவதே அபூர்வம், பழைய பேப்பர் கடை வழியாக ஆலைக்குப் போய் அட்டைப்பெட்டியாகத் திரும்பி வருகிறது. ஆலைகளுக்கு அதுவும் போதாமல் வெளிநாட்டிலிருந்து கழிவுத்தாள் இறக்குமதி ஆகிறது. பேப்பர் நார் ஒவ்வொரு மறுசுழற்சியிலும் குட்டையாகிக்கொண்டே வரும், ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு தாளாகப் பிடித்து நிற்காது. அந்தக் குட்டை நாரையும் ஆலைக் கசடையும் லிட்டராக்கினால் அதுதான் முழு லாபம், வேறு எதற்கும் ஆகாத பொருள் ஒரு கடைசி வேலை செய்துவிட்டுப் போகிறது. கப்பலேறி வந்த பையைவிட உள்நாட்டில் செய்தது கிடைத்தால் அதை எடுங்கள்.

மக்கும் என்பதால் மாடித்தோட்டத்துக்குப் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். பூனை மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டை இருக்கக்கூடும், ஈர மண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். கீரைக்கும் தக்காளிக்கும் அது கூடவே கூடாது. மலத்தை எடுத்துவிட்டு, சிறுநீர் பட்ட பெல்லட்டை மட்டும் தனியாக நன்றாக மக்கவைத்துப் பூச்செடிக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கையுறை போட்டு, தொட்டி மண்ணில் சின்னப் பிள்ளைகள் விளையாடாத வீடானால் செய்யலாம். அந்த முட்டை வெளியே வந்து ஒன்று முதல் ஐந்து நாளுக்குள்தான் தொற்றக்கூடியதாக மாறும் என்பதால், தினமும் அள்ளுவது இந்த விஷயத்திலும் பாதுகாப்பு. வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் ட்ரே வேலையை வேறொருவர் பார்க்கட்டும்.

டாய்லெட்டில் கொட்டவும் வேண்டாம். பெல்லட் குழாய்க்குள் போய் உப்பி அடைக்கும், மூன்றாம் மாடியில் அடைத்தால் இரண்டாம் மாடிக்காரரும் சேர்ந்து கஷ்டப்படுவார். அந்த ஒட்டுண்ணி முட்டையைக் கழிவுநீர் சுத்திகரிப்பும் முழுதாக அழிப்பதில்லை. அள்ளியதை ஒரு தாளில் இறுக்கிச் சுருட்டி, மக்கும் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கட்டி, எடுத்துப்போக வருபவரிடம் இன்னதென்று சொல்லியே கொடுங்கள், அவர் வெறுங்கையால் பிரிக்க நேரக்கூடாது.